பாஞ்சாலங்குறிச்சி, 1801 மார்ச் 31: ஒரு சிறு சண்டையை அளந்து மீட்டெடுப்பது எப்படி

பெரிய போர்களுக்கு யாராவது வரைபடம் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு மண்கோட்டையின் மூலையில், ஒரே பிற்பகலில் நடந்து முடிந்த சண்டைக்கு அப்படிக் கிடைக்காது. நாமேதான் போட வேண்டும். அதற்கு அடிக்கோல், சதுரக் கட்டத் தாள், கொஞ்சம் களிமண், பத்து ஈர்க்குச்சி, பொறுமை இவ்வளவும் இருந்தால் போதும்.

எடுத்துக்கொள்ளும் சண்டை இது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, 1801 பிப்ரவரி 2 அன்று அவர் தம்பி ஊமைத்துரையும் உடனிருந்தவர்களும் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியேறினார்கள். கிழக்கிந்தியக் கும்பினியார் தரைமட்டமாக்கி வைத்திருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பினார்கள். பிப்ரவரி 9 அன்று மேஜர் காலின் மெக்காலேயின் படை அங்கே வந்து பார்த்துவிட்டு, தாக்காமலே திரும்பியது. மார்ச் 31 அன்று மறுபடி வந்தது. பீரங்கியால் சுவரை உடைத்தது, ஏறியது, ஏறியவர்கள் உச்சியிலேயே விழுந்தார்கள், தாக்குதல் முறிந்தது. இந்தத் தோல்வி எப்படி நேர்ந்தது என்பதுதான் நாம் விடை காண வேண்டிய கேள்வி. 'வீரத்தால்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அந்த வீரர்கள் என்ன செய்தார்கள் என்பதே மறைந்துபோகும். அளந்தால் தெரியும்.

முதலில் தேதிகளைப் பிரியுங்கள்

1799-லும் 1801-லும் இந்தக் கோட்டையைக் கும்பினிப் படை மூன்று முறை தாக்கியது. 1799 செப்டம்பர் 5, மேஜர் பானர்மேன், கட்டபொம்மன் இருந்தபோது. 1801 மார்ச் 31, மெக்காலே, ஊமைத்துரை இருந்தபோது. 1801 மே 24, கர்னல் அக்னியூ, அன்றுதான் கோட்டை விழுந்தது. மேடைப்பேச்சிலும் பள்ளி நாடகத்திலும் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. 1799-ல் சண்டை கோட்டை வாசலைச் சுற்றி நடந்தது. 1801-ல் பீரங்கி போட்ட உடைப்பைச் சுற்றி நடந்தது. வாசல் சண்டைக் குறிப்பைக் கொண்டுபோய் உடைப்புச் சண்டையில் ஒட்டினால் முழு வரைபடமும் கெடும்.

ஆகவே மூன்று நிற அட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் ஒவ்வொரு தகவலையும், எந்தத் தேதிக்கு உரியது என்று உறுதியான பிறகே அந்த நிற அட்டையில் எழுதுங்கள். உறுதியாகாதவற்றுக்கு நான்காவதாக ஒரு வெள்ளை அட்டை. வேலை முடியும்போது வெள்ளை அட்டைதான் கனமாக இருக்கும். பரவாயில்லை, அதிலிருந்து எதையும் வரைபடத்துக்கு எடுக்காதீர்கள்.

தமிழ்க் கதைப்பாடல்களையும் நெல்லைச் சீமை ஓலைகளையும் பார்ப்பவர்கள் ஆண்டுக் கணக்கைப் பொருத்திப் பார்க்க வேண்டும். 1801 மார்ச் என்பது ரௌத்திரி வருடம் பங்குனி. மே 24 வரும்போது துன்மதி பிறந்துவிட்டது, மாதம் வைகாசி. கொல்லம் ஆண்டு இரண்டுக்கும் 976 தான். ஓலையில் துன்மதி என்று இருந்தால் அது மார்ச் சண்டையைப் பற்றியதாக இருக்க முடியாது. இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் குழப்பம் தீரும். இன்னொன்று: இன்று சித்திரை 1 ஏப்ரல் 14 வாக்கில் வருகிறது, 1801-ல் அது ஏப்ரல் 11 வாக்கில் வந்தது. இன்றைய காலண்டரை வைத்துத் தமிழ்த் தேதியைப் பின்னோக்கி எண்ணினால் மூன்று நாள் தவறும்.

மணியும் நிலவும்

அதிகாரிகள் எழுதிய மணி உள்ளூர்ச் சூரிய மணி. இன்றைய இந்திய நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது. பாஞ்சாலங்குறிச்சி ஏறக்குறைய 78 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம், ஆக 18 நிமிட வித்தியாசம். 1801-ன் '3 மணி' என்பது நம் கைக்கடிகாரத்தில் 3.18. களத்துக்குப் போய் நிழல் பார்ப்பவர்கள் இதை மறந்தால் நிழலின் நீளம் பொருந்தாது. மார்ச் கடைசியில் அங்கே உச்சிவெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே இருக்கும்; நிழல் காலடியில் சுருண்டுவிடும். பிற்பகல் 4 மணிக்கு வெயில் மேற்கே சரிந்து, கிழக்கே பார்த்து ஓடுகிறவனின் முதுகில் விழும், மேற்கே பார்த்து நிற்பவனின் கண்ணில் அடிக்கும். உடைப்பு எந்தப் பக்கம் என்று முடிவு செய்யும்போது இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலவை நீங்களே கணக்கிடலாம். 2000 ஜனவரி 6 அமாவாசை. 1801 மார்ச் 31-லிருந்து அதுவரை 72,599 நாட்கள். 29.530589-ஆல் வகுத்தால் 2,458 முழுச் சுற்றுகள் போக 13 நாள் மீதி. அதாவது மார்ச் 31-க்கு 13 நாள் கழித்து, ஏப்ரல் 13 அன்று அமாவாசை. அதிலிருந்து 14¾ நாள் பின்னே போனால் மார்ச் 29, 30 வாக்கில் பௌர்ணமி. இது சராசரிக் கணக்கு, அரை நாள் முன்பின் இருக்கும். சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு: ஈஸ்டர் எப்போதும் மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு, 1801-ல் அது ஏப்ரல் 5. பொருந்துகிறது.

இதனால் என்ன பயன்? மார்ச் 31 இரவு நிலா பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் எழுந்திருக்கும். தோற்றுப் பின்வாங்கிய படைக்கு இருட்டின் மறைப்பு கிடையாது, கோட்டைக்குள் இருந்தவர்களுக்கும் கிடையாது. சிறை உடைந்த பிப்ரவரி 2 இரவு பௌர்ணமி கழிந்து நாலு நாள். நிலா 9 மணிக்கு மேல்தான் வரும். தப்பியவர்களுக்கு முன்னிரவு முழுக்க இருட்டு, நெடுவழி நடக்கும்போது வெளிச்சம். அவர்கள் நாளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று இதை வைத்து எழுதிவிடாதீர்கள். நிலா இப்படி இருந்தது என்பது மட்டும்தான் கணக்கு தரும் உண்மை.

சாட்சிகளை நிறுத்துப் பாருங்கள்

இந்தச் சண்டைக்கு நேரில் கண்ட விரிவான எழுத்துச் சாட்சி ஜேம்ஸ் வெல்ஷ். கும்பினிப் படையின் இளம் அதிகாரியாக அங்கே இருந்தவர், தம் நாட்குறிப்பிலிருந்து எடுத்து 1830-ல் லண்டனில் நினைவுக்குறிப்பாக வெளியிட்டார். சண்டைக்கும் அச்சுக்கும் இடையே 29 ஆண்டு. 1881-ல் திருநெல்வேலி வரலாறு எழுதிய கால்டுவெல் பெரும்பாலும் வெல்ஷைத்தான் எடுத்தாள்கிறார். ஆகவே 'வெல்ஷும் சொல்கிறார், கால்டுவெல்லும் சொல்கிறார்' என்பது இரண்டு சாட்சி ஆகாது. ஒரே சாட்சி இரண்டு முறை அச்சானது. இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

இரண்டாவது சாட்சி வேண்டுமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். கேட்க வேண்டியவை மிலிட்டரி கன்சல்டேஷன்ஸ், ரெவின்யூ கன்சல்டேஷன்ஸ், திருநெல்வேலி கலெக்டர் கடிதங்கள் ஆகியவற்றின் 1801-ஆம் ஆண்டுத் தொகுதிகள். ஊர்ப்பெயர்களின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டுகளைப் பட்டியலாக எழுதிக்கொண்டு போங்கள். பாஞ்சாலங்குறிச்சி 'பாஞ்சாலம்கூர்ச்சி' போலவும், கயத்தாறு 'கைத்தார்' போலவும் படியும்படி எழுதியிருப்பார்கள். இன்றைய எழுத்துக்கூட்டில் அகராதிப் பட்டியலைப் புரட்டினால் ஒன்றும் அகப்படாது.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு எழுத்துப் போடுங்கள்: கண்டது என்றால் 'க', கேட்டது என்றால் 'கே', மதிப்பிட்டது என்றால் 'ம'. கோட்டையின் நீள அகலம் 'க'. விழுந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்து எழுதியது. உள்ளே ஆயிரத்தைந்நூறு பேர் இருந்தார்கள் என்பது 'ம'. வெளியே நின்று எண்ணியது. முழுப் பத்தாகவும் நூறாகவும் வரும் எண்கள் எல்லாமே பெரும்பாலும் 'ம'.

தாளும் அளவும்

வெல்ஷ் தரும் அளவு: ஒழுங்கற்ற நீள்சதுரம், ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம். சுவர் முழுக்க இறுகிய மண், உயரம் 12 அடி. சிறிய சதுரக் கொத்தளங்கள், அவற்றுக்கிடையே குறுகிய மதில். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகழி இல்லை.

ஏ3 தாளில் 1:500 அளவில் கோட்டையைப் போடுங்கள். 500 அடி 30.5 செ.மீ. ஆகும், 300 அடி 18.3 செ.மீ. ஆகும், ஓரங்களில் வேலிக்கு இடம் மிஞ்சும். இன்னொரு ஏ3 தாளில் 1:2500 அளவில் சுற்றுப்புறம். கோட்டை அதில் வெறும் 6 செ.மீ., தாள் முழுவதும் ஒரு கிலோமீட்டர் நீளத்தைக் காட்டும். இதில் மதிலை ஒட்டி இரண்டு வளையங்கள் போடுங்கள். 3.7 செ.மீ. தள்ளி ஒன்று: 100 கெஜம், அன்றைய துப்பாக்கி ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சுட்டால் பயன் உள்ள எல்லை. 11 செ.மீ. தள்ளி ஒன்று: 300 கெஜம், பீரங்கியின் சிதறுகுண்டு நன்றாக வேலை செய்யும் எல்லை.

மேலே வைக்க டிரேசிங் தாள், மணிக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டால் காலையில் நின்ற பட்டாளமும் மாலையில் ஓடிய பட்டாளமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்.

படையை அம்புக்குறியாக வரையாதீர்கள். அம்புக்குறிக்கு அகலம் கிடையாது, பட்டாளத்துக்கு உண்டு. தோளோடு தோள் நிற்கும் சிப்பாய்க்கு 22 அங்குலம் வேண்டும். இரண்டு வரிசையில் 100 பேர் நின்றால் 50 பேர் அகலம், அதாவது 92 அடி, 28 மீட்டர். 1:2500 தாளில் 1.1 செ.மீ. கோடு. கோட்டையின் 300 அடிப் பக்கத்துக்கு எதிரே இப்படி நின்றால் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கு மேல் இடமே இல்லை. மீதிப் படை எங்கே நின்றது, அது ஏன் சண்டைக்கு உதவவில்லை என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

உடைப்பில் இன்னும் நெருக்கம். பீரங்கி திறந்த வாய் 12 அடி அகலம் என்று வைத்தால் ஒரே நேரத்தில் 6 பேர் ஏறலாம். ஆயிரம் பேர் கொண்ட படையின் முழுப் பலமும் அந்த ஆறு பேராகச் சுருங்குகிறது.

களிமண் வெட்டுமுகம்

இந்த வேலையைத் தவற விடாதீர்கள். மேலிருந்து பார்க்கும் வரைபடம் எதுவும் மார்ச் 31-ஐ விளக்காது. பக்கவாட்டில் வெட்டிப் பார்க்க வேண்டும்.

அளவு 1:50. ஒரு பலகையில் களிமண்ணால் 7.3 செ.மீ. உயரச் சுவர் வையுங்கள். அதுதான் 12 அடி. தடிமன் அடியில் 5 செ.மீ., மேலே 2.5 செ.மீ. வைக்கலாம், இது ஊகம், சுவரில் பென்சிலால் 'ஊகம்' என்றே எழுதிவிடுங்கள். வெளிப்பக்கம் இடிந்த மண்ணைச் சரிவாக அணையுங்கள். குவிந்த மண் 35 முதல் 40 பாகைச் சரிவில் நிற்கும். ஆகவே 12 அடி உயரத்துக்குச் சரிவு தரையில் 16 அடி நீள வேண்டும், அளவில் 9.8 செ.மீ. இது தாக்குபவன் ஏறும் வழி.

இனி உள்பக்கம். பிழை வருவது இங்கேதான். பெரும்பாலோர் உள்ளேயும் ஒரு சரிவோ மேடையோ வைத்துவிடுவார்கள், ஏனென்றால் கல்கோட்டைகளில் கொத்தளத்தின் உள்ளே மண் நிரப்பி மேலே நிற்க இடம் இருக்கும். பாஞ்சாலங்குறிச்சிக் கொத்தளம் உள்ளே கூடாக இருந்தது. மே மாதம் கோட்டை விழுந்த பிறகு உள்ளே போனவர்கள் கண்டது அதுதான்: உடைப்பின் உச்சியில் கால் ஊன்ற இடமில்லை, மறுபக்கம் குழி, குழிக்குள் நிற்பவனைக் கீழிருந்து சுடவும் முடியாது, மேலிருந்து பார்க்கவும் முடியாது. ஆகவே உள்பக்கச் சுவரைச் செங்குத்தாக நறுக்கிவிடுங்கள்.

இப்போது ஈர்க்குச்சி. 11 செ.மீ. நீளத்தில் ஆறு, 12.2 செ.மீ. நீளத்தில் நான்கு வெட்டுங்கள். இவை 18 அடி, 20 அடி வல்லயங்கள், அதாவது நீண்ட ஈட்டிகள். வெல்ஷ் குறித்த நீளம் அதுவே. பல் குத்தும் குச்சியில் 3.7 செ.மீ. வெட்டுங்கள். இது பயனெட் மாட்டிய கும்பினித் துப்பாக்கி: துப்பாக்கி 55 அங்குலம், கத்தி 17 அங்குலம், கூட்டினால் 6 அடி. ஆள் உயரத்துக்கு 3.4 செ.மீ. அட்டைப் பொம்மைகள்.

ஒரு பொம்மையை உடைப்பின் உச்சியில் நிறுத்துங்கள். உள்ளே சுவருக்கு 6 அடி தள்ளி, அதாவது 3.7 செ.மீ. தள்ளி, தரையில் இன்னொரு பொம்மையை நிறுத்தி, அதன் இடுப்பிலிருந்து 11 செ.மீ. குச்சியை மேல்நோக்கிச் சாயுங்கள். முனை உச்சியில் நிற்பவனின் மார்பைத் தாண்டும். உச்சியில் இருப்பவனின் 3.7 செ.மீ. குச்சியைக் கீழே நீட்டுங்கள். கீழே நிற்பவன் தலைக்கு மேலே காற்றில் நின்றுவிடும். இரண்டு குச்சிகளையும் அந்த நிலையில் பசை வைத்து ஒட்டி, பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதில் பாதி அந்தப் படத்தில் இருக்கும்.

அடுத்து மேலிருந்து பாருங்கள். உச்சியில் ஆறு பேர் தோளோடு தோள். உள்ளே அரைவட்டமாக வல்லயம் பிடித்தவர்களை அடுக்குங்கள். நீளமான ஆயுதம் என்பதால் இரண்டாம் வரிசையில் நிற்பவனின் முனையும் எட்டும். ஆறு பேரை நோக்கிப் பன்னிரண்டு, பதினைந்து முனைகள். ஏறி வந்தவன் உச்சியில் நின்று சுடலாமே என்றால், ஒரு முறை சுடலாம். மறுபடி நிரப்பத் தேறிய சிப்பாய்க்கே 20 நொடி வேண்டும். வல்லயத்துக்கு நிரப்பும் வேலை இல்லை.

மாதிரியில் அடிக்கடி நேரும் கோளாறு: களிமண் காயும்போது சுருங்கி, 7.3 செ.மீ. சுவர் 6.8 ஆகிவிடும். ஈர மண்ணில் 7.8 செ.மீ. வைத்துக் காயவிட்டு, பிறகு அளந்து சீவுங்கள். மணல் மூன்றில் ஒரு பங்கு கலந்தால் வெடிப்பும் குறையும். கரிசல் மண்ணை அப்படியே எடுத்தால் பாளம் பாளமாகப் பிளக்கும்.

தோட்டாக் கணக்கு

'நாள் முழுக்க இடைவிடாமல் சுட்டார்கள்' என்ற வரி எல்லாச் சண்டையிலும் வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். குழல் துளை 19 மி.மீ., ஈயக்குண்டு 17.5 மி.மீ., எடை 32 கிராம். குண்டுக்கும் குழலுக்கும் இடையே அந்த இடைவெளி இருப்பதால் நிரப்புவது எளிது, குறி தவறுவதும் எளிது. தேறிய கை நிமிடத்துக்கு மூன்று முறை சுடும். ஒருவனிடம் 60 தோட்டா என்று தாராளமாக வைத்தாலும் இருபதே நிமிடத்தில் பை காலி. அதற்குள் சக்கிமுக்கிக் கல்லை ஒன்றிரண்டு முறை மாற்றியிருப்பான். ஒரு கல் 20, 30 தீப்பொறிக்கு மேல் தாங்காது. காய்ந்த நாளிலேயே ஆறேழு முறைக்கு ஒரு முறை தீப்பிடிக்காமல் போகும். குழலில் கரி படியப் படிய குண்டு இறங்க மறுக்கும்.

ஆகவே நாள் முழுக்கக் கேட்ட சத்தம் பெரும்பாலும் பீரங்கி. துப்பாக்கிச் சண்டை என்பது நிமிடக் கணக்கு. மணிக்கு ஒரு டிரேசிங் தாள் என்று தொடங்கியவர்கள், தாக்குதல் தொடங்கும் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். விரைநடை நிமிடத்துக்கு 108 அடி வைப்பு, ஒன்று 30 அங்குலம். நிமிடத்துக்கு 270 அடி. 100 கெஜம் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். நடுவே முள்வேலி. வேலியை வெட்டி வழி பண்ணும் நேரத்தை எந்த அதிகாரியும் எழுதுவதில்லை. அதற்குத் தனியாக ஒரு தாள் விடுங்கள்.

வளரி என்ற வளைந்த எறிகருவியை இந்த வரைபடத்தில் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் உண்டு. அது மருதிருவரின் சிவகங்கைச் சீமையோடு சேர்ந்த பேச்சு. மார்ச் 31 சாட்சியத்தில் எது இருக்கிறதோ அதை மட்டும் வையுங்கள்.

ஆறு நாளில் ஒரு கோட்டை: நம்பலாமா?

பிப்ரவரி 3-ல் வந்து சேர்ந்தவர்கள் 9-க்குள் சுவரை எழுப்பினார்கள் என்பது எதிரணியையே திகைக்க வைத்த செய்தி. வியப்பதோடு நிறுத்தாமல் கன அளவு எடுங்கள். சுற்றளவு 1,600 அடி, உயரம் 12 அடி, சராசரித் தடிமன் 6 அடி என்று வைத்தால் 1,15,200 கன அடி, ஏறக்குறைய 3,260 கன மீட்டர். மண் வெட்டி, மிதித்து, சுமந்து, வைக்க ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கன மீட்டர் என்றால், நாளொன்றுக்கு 540 பேர். தடிமனை 4 அடியாக்கினால் 360 பேர், 10 அடியாக்கினால் 900 பேர். மூன்றும் நடக்கக்கூடியவையே. இடித்துப் போட்ட பழைய அடிச்சுவரும் மண்ணும் அங்கேயே கிடந்திருந்தால் வேலை இன்னும் குறையும். செய்தி நிற்கிறது.

ஆனால் தண்ணீர்? மிதித்த மண்ணுக்குக் கன மீட்டருக்கு 300 லிட்டராவது வேண்டும். முதல் கணக்கின்படி நாளொன்றுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பத்தாயிரம் குடத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்த தை மாதம் என்பதால் கண்மாயில் தண்ணீர் இருக்கும் பருவம். அந்தக் குடங்களை யார் சுமந்தார்கள் என்று எந்த அறிக்கையும் கேட்கவில்லை. உங்கள் தாளில் கண்மாயிலிருந்து கோட்டைக்கு ஒரு கோடு போட்டு, அதன் மேல் குடக் கணக்கை எழுதுங்கள். படைவீரர் மட்டும் நடத்திய சண்டை அல்ல இது என்பது அந்தக் கோட்டில் தெரியும்.

இன்னொரு விளைவும் உண்டு. மண்சுவரை ஒன்றரை, இரண்டு அடிப் படையாக வைத்து, காயவிட்டு, அடுத்த படை வைப்பதுதான் வழக்கம். ஆறு நாளில் 12 அடி என்றால் உள்ளே ஈரம் நின்றிருக்க வேண்டும். ஈரமும் இறுக்கமும் உள்ள மண் குண்டை விழுங்கும். கல்லைப் போலத் தெறித்து விழாது. மார்ச் கடைசிக்குள் ஐம்பது நாள் வெயில் பட்டுவிட்டது என்றாலும், மண்ணின் குணம் மாறாது. இது அனுமானம், தாளில் புள்ளிக்கோட்டில் போடுங்கள்.

களத்தில் நடக்கும்போது

ஓட்டப்பிடாரத்தை ஒட்டிய இடம், தூத்துக்குடி மாவட்டம். இன்று அங்கே நிற்கும் கோட்டை தமிழ்நாடு அரசு 1974-ல் கட்டிய நினைவுக்கோட்டை. அதன் உயரத்தையும் வாசலையும் அளந்து 1801-க்குப் பொருத்தாதீர்கள். உண்மையான சுவரை 1801-ல் மறுபடி இடித்துவிட்டார்கள்.

கண்ணை அதிகம் ஏமாற்றுவது சீமைக்கருவேலம். இந்தியாவுக்கு அது வந்ததே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். இன்று பார்வையை மறைக்கும் அந்தப் புதரை மனத்திலிருந்து எடுத்துவிட்டு, திறந்த கரிசல் காடு, பனை, உடைமரம், நாட்டுக் கருவேலம் என்று வையுங்கள். முள்வேலியும் இந்த நாட்டு முள்ளால்தான். கரிசலின் குணமும் முக்கியம்: மழை பெய்தால் பீரங்கிச் சக்கரம் அச்சுவரை இறங்கும், பங்குனியில் பாளம் வெடித்துக் கெட்டியாக இருக்கும். மார்ச் 31-ல் பீரங்கியை நகர்த்தியது மண் தடுத்த வேலை அல்ல.

கும்பினிப் படை கூடும் இடமாக இருந்த கயத்தாறு மேற்கே, நேர்கோட்டில் ஏறக்குறைய 30 கி.மீ. பீரங்கி இழுக்கும் மாடு மணிக்கு 3 கி.மீ. போகும், ஒரு நாள் நடை 15 கி.மீ. ஆகவே இரண்டு நடை. ஒரே இரவில் வந்து தாக்கியதாக யாராவது எழுதியிருந்தால் பீரங்கி இல்லாமல் வந்ததா என்று கேளுங்கள்.

மெட்டல் டிடெக்டர் கொண்டுபோகாதீர்கள், தோண்டாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தைவிடப் பெரிய காரணம், குண்டு கிடந்த இடம்தான் தகவல். கையில் எடுத்த குண்டு வெறும் ஈயம். தரை மேல் கிடந்தால் பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அங்கேயே விட்டுவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். அருங்காட்சியகத்தில் நசுங்கிய குண்டைப் பார்க்க வாய்த்தால் எடையைக் கேளுங்கள். நசுங்கினாலும் எடை மாறாது: 32 கிராம் என்றால் 17.5 மி.மீ. குண்டு, கும்பினித் துப்பாக்கிக்கு உரியது. வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் ஒன்றிரண்டு கிராம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள்.

இழப்புப் பட்டியலை எழுதும் முறை

கும்பினிப் பட்டியலில் இறந்தவர், காயம்பட்டவர், காணாதவர் என்று மூன்று பத்தி இருக்கும். ஐரோப்பிய அதிகாரிகளுக்குப் பெயர். சிப்பாய்களுக்கும் லாஸ்கர்கள் எனப்பட்ட பீரங்கிப் பணியாட்களுக்கும் எண்ணிக்கை. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதாதீர்கள், பத்தி பத்தியாகவே எடுங்கள். துப்பாக்கிச் சண்டையில் பொதுவாக ஒருவர் இறந்தால் மூன்று பேர் காயம். வல்லயம் கைகலந்த இடத்தில் அந்த விகிதம் சாவின் பக்கம் சாயும். விகிதத்தைப் பார்த்தே சண்டை எத்தனை நெருக்கத்தில் நடந்தது என்று சோதிக்கலாம்.

கோட்டைக்குள் இருந்தவர்களின் பட்டியலை யாரும் எழுதவில்லை. எதிரி வெளியிலிருந்து போட்ட மதிப்பீடு மட்டுமே உண்டு, அதற்கு 'ம' எழுத்து. அந்த வரிசையை நீக்கிவிடாமல், அதே மூன்று பத்தியோடு தாளில் போட்டு, கட்டங்களைக் காலியாக விடுங்கள். ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊர்களின் நடுகற்களிலோ குடும்ப ஓலைகளிலோ ஒரு பெயர் தேதியோடு கிடைத்தால் எழுத அந்த இடம் வேண்டும்.